வாய் திறந்து பேசக் கத்துக்கிட்ட வரலாறு



சிறப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை கேட்டாங்க. எனக்கு "மகளிர் குழு வரலாறு"ன்னு தலைப்பு வந்துச்சு. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீடு, ரெண்டு மாடு, குழு கணக்கு நோட்டு, இதுதான் எனக்குத் தெரியும். வரலாறுன்னா ராஜா, போர், வருஷம்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினதோட சரி. ஆனா உக்காந்து யோசிச்சுப் பார்த்தப்போ, நாம வீட்டுக்குள்ள வாய் திறந்து பேச ஆரம்பிச்சதும் ஒரு வரலாறுதான்னு தோணுச்சு. அதையும் யாராவது எழுதி வைக்கணும் இல்லையா? அதனால எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன். கூடவே எங்க வீட்டுல நடந்ததையும் மறைக்காம எழுதறேன். எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் எழுதறேன்.

நான் பிறந்த வருஷம்

நான் பிறந்தது 1989, தருமபுரி மாவட்டம். அப்போ கிருஷ்ணகிரியும் எங்க மாவட்டத்துலதான் இருந்துச்சு, 2004-லதான் பிரிஞ்சது. மானாவாரி பூமி. மழை பெஞ்சா ராகி, நிலக்கடலை. கிணத்துல தண்ணி இருக்கிறவங்களுக்குத் தக்காளி.

அந்த ஒரே வருஷத்துல ரெண்டு பெரிய காரியம் நடந்திருக்கு. எங்க ஊர்ல யாருக்கும் அப்போ அது தெரியாது.

முதல் காரியம் நம்மளைப் பத்தினது. பெண்களோட முன்னேற்றத்துக்குன்னு 1983-லேயே அரசு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கி இருந்துச்சு. அந்த நிறுவனம், ஐக்கிய நாடுகளோட சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட, மகளிர் சுய உதவிக் குழுக்களை 1989-ல் எங்க தருமபுரி மாவட்டத்துலதான் தொடங்குச்சு. வறட்சி மாவட்டம், பெண் பிள்ளை பிறந்தா முகம் சுளிக்கிற மாவட்டம்னு பேர் வாங்கின இடத்துல இருந்து இது ஆரம்பிச்சிருக்குன்னு நினைச்சா இப்பவும் எனக்குப் பெருமைதான்.

ரெண்டாவது காரியம் சட்டம். அதைச் சொல்றதுக்கு முன்னாடி எங்க அத்தையைப் பத்திச் சொல்லணும்.

அத்தையோட பெருவிரல்

எங்க அப்பாவுக்கு ஒரு அக்கா. 1985-ல எங்க தாத்தா உயிரோட இருக்கும்போதே பிள்ளைகளுக்கு நிலத்தைப் பாகம் பிரிச்சுக் குடுத்தாரு. அத்தையையும் அவங்க ஊர்ல இருந்து கூட்டிக்கிட்டு வந்தாங்க. பின்னால எந்தத் தகராறும் வரக் கூடாதுன்னு ஒரு பத்திரத்துல கைநாட்டு வாங்கினாங்க. ஒரு சேலையும் ஒரு பித்தளைக் குடமும் குடுத்து பஸ் ஏத்தி விட்டாங்க.

"அதுல என்ன அத்தை எழுதி இருந்துச்சு?"ன்னு ஒரு தடவை நான் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? விரல்ல மையைத் தடவுனாங்க, வச்சேன். கேட்டா தம்பிங்க மனசு வருத்தப்படும். நாளைக்குத் தீபாவளிக்கு யாரு கூப்பிடுவா?"ன்னாங்க.

அத்தை சொன்ன அந்த வார்த்தையிலதான் நம்ம பாட்டிங்க, அம்மாங்க எல்லாரோட வாழ்க்கையும் இருக்கு. பிறந்த வீட்டு வாசல் அடைஞ்சிடுமோங்கற பயம்தான் அது. புருஷன் அடிச்சா ஓடி வர்றதுக்கும், பிள்ளை பெத்துக்கப் போறதுக்கும், பொண்ணு வயசுக்கு வந்தா தாய்மாமன் சீர் வர்றதுக்கும் இருக்கிறது அந்த ஒரு வாசல்தான். அதைப் பகைச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேக்க யாருக்குத் தைரியம் வரும்?

சட்டம் நடந்து வந்த பாதை

பெண்ணுக்கும் சொத்துல சம பங்கு வேணும்னு நம்ம நாட்டுல கேக்க ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுல, ஆண்களுக்கு இருக்கிற மாதிரியே பெண்களுக்கும் சொத்துரிமை வேணும்னு பெரியார் தலைமையில இருந்தவங்க தீர்மானம் போட்டாங்க. 1937-ல ஒரு சட்டம் வந்துச்சு. அது கணவனை இழந்த பெண்ணுக்கு, அவ உயிரோட இருக்கிற வரைக்கும் அனுபவிக்கிற உரிமையைத்தான் குடுத்துச்சு. விக்கவோ எழுதி வைக்கவோ முடியாது.

சுதந்திரம் வந்த பிறகு, சட்ட அமைச்சரா இருந்த அம்பேத்கர் மகளுக்கும் பங்கு தர்ற மாதிரி இந்து சட்டத் தொகுப்பைக் கொண்டு வரப் பாடுபட்டாரு. அதுக்குப் பெரிய எதிர்ப்பு வந்துச்சு. 1951-ல அவர் பதவியை விட்டு விலகினதுக்கு அந்த மசோதா நிறைவேறாமப் போனது ஒரு முக்கியக் காரணம். பிறகு 1956-ல இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துச்சு. உயில் எழுதாம அப்பா இறந்துட்டா அவர் சொந்தமா சம்பாதிச்ச சொத்துல மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சம பங்குன்னு அந்தச் சட்டம் சொன்னது. ஆனா பூர்வீகச் சொத்துல பிறந்த உடனே பங்கு வர்றது மகனுக்கு மட்டும்தான்னு இருந்துச்சு. நம்ம ஊர்ப் பக்கம் நிலம்னா பெரும்பாலும் பூர்வீகம்தானே?

அந்தக் கதவைத் திறந்ததுதான் 1989. தமிழ்நாட்டு அரசு கொண்டு வந்த திருத்தச் சட்டத்துப்படி, மகனைப் போலவே மகளுக்கும் பூர்வீகச் சொத்துல பிறப்பாலேயே பங்கு உண்டு. முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி காலத்துல வந்த இந்தச் சட்டம் 1989 மார்ச் 25-ல இருந்து அமலுக்கு வந்துச்சு. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆன பெண்களுக்கு இது பொருந்தாதுன்னு இருந்துச்சு. 2005 செப்டம்பர் 9-ல மத்திய அரசோட திருத்தம் வந்து, கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்கன்னு பாக்காம நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை வந்துச்சு. 2005-ல அப்பா உயிரோட இல்லாட்டியும் மகளுக்குப் பங்கு உண்டுன்னு 2020 ஆகஸ்ட்டுல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. ஆனா பழைய காலத்துலயே முறையாப் பிரிச்சு முடிஞ்ச பாகத்தை இதை வச்சுத் திறக்க முடியாது. எங்க அத்தைக்கு அதனால ஒண்ணும் கிடைக்கலை.

ஒரு விஷயம் சொல்லிடறேன். இது இந்து குடும்பங்களுக்கான சட்டம். நம்ம கூட்டமைப்புல இருக்கிற கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்கு வேற சட்டம் இருக்கு. அவங்க அதைத் தனியா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

ஆக, நான் பிறந்த வருஷமே எனக்குப் பங்கு வந்துடுச்சு. ஆனா 30 வயசு வரைக்கும் எனக்கு அது தெரியாது. தெரிஞ்ச பிறகும் அதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை. அதைச் சொல்லிக் குடுத்தது நம்ம குழுதான்.

குழு வளர்ந்த கதை

தருமபுரியில தொடங்கின குழுக்கள் பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் போச்சு. 1992-ல நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை வங்கிகளோட இணைக்கிற திட்டத்தை 500 குழுக்களோட சோதனையா ஆரம்பிச்சது. 1997-98-ல மகளிர் திட்டம் வந்து மத்த மாவட்டங்களுக்கும் பரவுச்சு. 2005-ல புது வாழ்வுத் திட்டம், 2012-க்கு அப்புறம் மாநில ஊரக வாழ்வாதார இயக்கம்னு வந்து, குழுக்கள் சேர்ந்து ஊராட்சி அளவுல கூட்டமைப்பு ஆச்சு.

இந்த விவரம் எல்லாம் பயிற்சியில சொல்லுவாங்க, நம்மள்ல பல பேருக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேற. குழு நமக்குப் பணம் சேர்க்கக் கத்துக் குடுத்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் பார்த்த வரைக்கும், அது அதைவிட முக்கியமா நமக்குச் சண்டை போடாம பேசவும் கத்துக் குடுத்துச்சு.

எப்படின்னா, எங்க குழுக் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. வட்டமா உக்காருவோம். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க பேசக் கூடாது. யாரு என்ன கேட்டாலும் தீர்மானப் புத்தகத்துல எழுதணும். பொருள், விவாதம், தீர்மானம்னு மூணு. எழுதினதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து. வீட்டுல "நீ சும்மா இரு"ன்னு கேட்டே பழகின பெண், வாரா வாரம் ஒரு தடவை தன் முறை வரும்போது பேசறா. அவ சொன்னது ஒரு புத்தகத்துல ஏறுது. இது சின்ன விஷயமா?

ஆனா நாங்களும் முதல்ல தப்பு பண்ணினோம். நான் 2011-ல குழுவுல சேர்ந்தேன். 2013-ல ஒரு உறுப்பினர் மூணு மாசமா தவணை கட்டலை. நாங்க அஞ்சாறு பேர் தண்ணிக் குழாயடியில அவங்களைப் புடிச்சுக்கிட்டோம். "எங்க பணத்தைத் தின்னுட்டுத் திரியறியா?"ன்னு நானும் கத்தினேன். அவங்க ஒரு வார்த்தை பேசலை. குடத்தை அப்படியே வச்சுட்டுப் போயிட்டாங்க. மறுநாள்ல இருந்து கூட்டத்துக்கு வரலை. அப்புறம்தான் தெரிஞ்சுது, கடன் வாங்கின பணத்தை அன்னைக்கு ராத்திரியே அவங்க வீட்டுக்காரர் பிடுங்கிட்டுப் போயிட்டாரு. அவங்க கூலி வேலைக்குப் போய் அதைச் சேர்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. நாங்க ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். அதுக்குப் பதிலா ஒரு உறுப்பினரை இழந்தோம்.

அடுத்த வருஷம் ரெண்டு நாள் பயிற்சி நடந்துச்சு. பயிற்சி குடுத்த அம்மா ரெண்டு ரெண்டு பேரா நிக்க வச்சு நாடகம் போடச் சொன்னாங்க. ஒருத்தர் மாமியார், ஒருத்தர் மருமகள். ஒரே சிரிப்பு. கடைசியில அவங்க சொன்னதை நான் நோட்டுல எழுதி வச்சேன். மனுஷங்க பேசறதுல மூணு விதம் இருக்கு. அடங்கிப் போறது, அடிச்சுப் பேசறது, அளந்து பேசறது. அடங்கிப் போனா உள்ளுக்குள்ள புண்ணாகும். அடிச்சுப் பேசினா எதிராளிக்குப் புண்ணாகும். நடந்தது என்ன, அதனால எனக்கு என்ன கஷ்டம், நான் கேக்கறது என்னன்னு அளந்து பேசினா வழி பிறக்கும்.

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம தீர்மானப் புத்தகத்துல இருக்கிற பொருள், விவாதம், தீர்மானம் மாதிரியே இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன். சொந்த வீட்டுல வந்தப்போ அத்தனையும் மறந்து போச்சு.

ஒரு கையெழுத்துதான் பாப்பா

எங்க அப்பா 2017-ல இறந்துட்டாரு. தாத்தா பிரிச்சுக் குடுத்த 3 ஏக்கர் 60 சென்ட் நிலம் அவர் பேர்ல இருந்துச்சு. 2019 ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் வந்தாரு. பிள்ளைங்களுக்கு மிக்சர், வாழைப்பழம், எனக்கு ஒரு சேலை.

"பாப்பா, திங்கக்கிழமை பத்திர ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போயிடு. ஒரு கையெழுத்துதான்."

"எதுக்குண்ணா?"

"பட்டாவை என் பேருக்கு மாத்தணும். பேங்குல லோன் கேட்டிருக்கேன். போர் போடணும்."

நான் "சரிண்ணா"ன்னு சொல்லிட்டேன். இதுதான் அடங்கிப் போறது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. குழுவுல 5000 ரூபாய் உள்கடனுக்கே படிச்சுப் பார்க்காம நான் கையெழுத்து போட மாட்டேன். இது எங்க அப்பா பாடுபட்ட மண்ணு. ஆனா அண்ணன்கிட்ட "படிக்கக் குடு"ன்னு கேக்க வாய் வரலை. அத்தை சொன்ன தீபாவளிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு, அப்போ அவளுக்குப் பத்து வயசு. நாளைக்குத் தாய்மாமன் வராம சபையில அவளை எப்படி உக்கார வைக்கறது?

திங்கக்கிழமை போனேன். பத்திரம் எழுதறவர் கடகடன்னு படிச்சாரு. "எனக்குள்ள சகல பாத்தியதையும் விடுதலை செய்து"ன்னு ஒரு வரி காதுல விழுந்துச்சு. பேனாவைக் கீழ வச்சேன். "பட்டா மாத்தறதுன்னுதானே சொன்ன?"ன்னு கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான், போடு"ன்னாரு அண்ணன். அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அடக்கி வச்சது அத்தனையும் வெளிய வந்துடுச்சு. "அப்பா செத்து ரெண்டு வருஷம் ஆகலை, அதுக்குள்ள என்னை ஏமாத்தப் பாக்கறியா? கோர்ட்டுல பாத்துக்கறேன்"ன்னு கத்தினேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. எங்க அண்ணன் முகம் செத்துப் போச்சு. என்னைப் பஸ் ஸ்டாப்புல விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம போயிட்டாரு.

காலையில அடங்கிப் போனவ மத்தியானம் அடிச்சுப் பேசிட்டேன். இது ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. ஒண்ணு வந்தா இன்னொண்ணு பின்னாடியே வரும்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

பதினெட்டு மாசம்

அதுக்கப்புறம் ஒரு வருஷமும் ஆறு மாசமும் அண்ணன் என்கூடப் பேசலை. தீபாவளிக்குக் கூப்பிடலை. பொங்கல் சீர் வரலை. அம்மா மட்டும் பக்கத்து வீட்டு போன்ல இருந்து பேசி அழுவாங்க. கொரோனா வந்து ஊரடங்கு போட்டப்போ, அண்ணன் தோட்டத்துத் தக்காளியை எடுக்க ஆள் இல்லாம செடியிலேயே அழுகுதுன்னு அம்மா சொன்னாங்க. போன் பண்ணலாம்னு பத்து தடவை எடுத்திருப்பேன், வச்சிருப்பேன்.

இந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர். "கேஸைப் போடு. பங்கு வந்தா வித்து ஆட்டோ கடனைக் கட்டிடலாம்"னு தினமும் ஒரே பேச்சு. அண்ணன் என் கையெழுத்தைக் கேட்டாரு, இவரு என் பங்கைக் கேக்கறாரு. எனக்கு என்ன வேணும்னு ரெண்டு பேருமே கேக்கலை. நானும் என்னைக் கேட்டுக்கலை.

ஒரு நாள் குழுக் கூட்டத்துல தாங்க முடியாம சொல்லிட்டேன். ஒரு அக்கா கேட்டாங்க, "உனக்கு நிலம் வேணுமா, அண்ணன் வேணுமா? ஒண்ணைச் சொல்லு." எல்லாரும் சும்மா இருந்தோம். எங்க குழுவுலயே மூத்தவங்க, பள்ளிக்கூட வாசல்ல கால் வைக்காதவங்க, அவங்கதான் சொன்னாங்க: "ஏண்டி, ரெண்டும் வேணும்னு கேக்கக் கூடாதா?"

அந்தக் கேள்வியைக் கேக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் குழுவுல ரெண்டு பேர் கூட வர, தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு அங்க இலவசமா சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவுன்னு கேக்க மாட்டாங்க. இது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. அங்க இருந்த வக்கீல் அம்மா பத்திரத்தைப் பார்த்துட்டு எங்க விஷயத்துக்குக் கணக்கு போட்டுக் காட்டினாங்க. முதல்ல அப்பா, அண்ணன், நான்னு மூணு பங்கு. அப்பாவோட பங்கை மறுபடியும் அம்மா, அண்ணன், நான்னு மூணாப் பிரிக்கணும். ஆக மொத்தம் ஒன்பதுல அண்ணனுக்கு நாலு, எனக்கு நாலு, அம்மாவுக்கு ஒண்ணு. அண்ணனுக்கு 1 ஏக்கர் 60 சென்ட், எனக்கு 1 ஏக்கர் 60 சென்ட், அம்மாவுக்கு 40 சென்ட். அம்மாவுக்கும் பங்கு இருக்குன்னு எங்க யாருக்குமே தோணினது இல்லை. அம்மாவுக்கே தோணினது இல்லை.

முதல்ல எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினேன். சாப்பிட்டு முடிச்சு, பிள்ளைங்க தூங்கின பிறகு. "இது எங்க அப்பா வழியில வந்தது. வந்தா என் பேர்லதான் இருக்கும், விக்க மாட்டேன். ஆட்டோ கடனுக்குக் குழுவுல கடன் கேக்கறேன், ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுவோம்." ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு. நான் கத்தவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. மூணாம் நாள் அவரே "எப்போ உங்க அண்ணனைப் பார்க்கப் போற?"ன்னு கேட்டாரு.

திண்ணையில நடந்த கூட்டம்

2021 தை மாசம் எங்க அம்மா வீட்டுக்குப் போனேன். பொண்ணோட பழைய நோட்டுல பொருள், விவாதம், தீர்மானம்னு எழுதி எடுத்துட்டுப் போனேன். சிரிக்காதீங்க. கையில ஒரு காகிதம் இருந்தா வாய் தடம் மாறாது.

அண்ணன் திண்ணையில உக்காந்திருந்தாரு. "வா"ன்னுகூடச் சொல்லலை. நான் எதிர்ல உக்காந்து முதல் வார்த்தையா இதைத்தான் சொன்னேன்: "அண்ணா, அன்னைக்கு ஊர் முன்னாடி உன்னை ஏமாத்துக்காரன் மாதிரி பேசினது என் தப்பு. அதுக்கு மன்னிச்சுக்கோ. ஆனா படிக்காம கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னது தப்பு இல்லை."

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் அவர் முறை. அவர் மனசுலயும் இவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாது. அப்பா ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர் கடன். என் கல்யாணத்துக்கு வச்ச நகைக் கடனை 2016 வரைக்கும் அவர்தான் வட்டி கட்டி மீட்டிருக்காரு. "ஒரு நாளாவது கேட்டியா பாப்பா?"ன்னு கேட்டாரு. நான் கேட்டதில்லை. இடையில பேசணும்னு வாய் துடிச்சுது. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாதுங்கற குழு விதியை நினைச்சு நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

உள்ள இருந்து அண்ணி குரல் வந்துச்சு. "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு என்ன பங்கு?"

"அண்ணி, உங்க பொறந்த வீட்டுலயும் உங்களுக்குப் பங்கு இருந்திருக்கு"ன்னேன். உள்ள பாத்திரச் சத்தம் நின்னு போச்சு. அவங்ககிட்ட அவங்க தம்பிங்க எப்பவோ எழுதி வாங்கிட்டாங்கன்னு பிறகுதான் தெரிஞ்சுது. நான் அதை அன்னைக்கு அவ்வளவு பட்டுன்னு சொல்லி இருக்கக் கூடாது.

அப்புறம் வக்கீல் போட்ட கணக்கைக் காட்டினேன். "சட்டப்படி 1 ஏக்கர் 60 சென்ட் எனக்கு. நீ பட்ட கடனையும் நான் நினைச்சுப் பார்க்கறேன். எனக்கு ரோட்டோரம் புளியமரம் இருக்கிற 60 சென்ட் போதும். மீதி ஒரு ஏக்கரை உனக்கு விட்டுத் தர்றேன். அம்மாவோட 40 சென்ட் அம்மா பேர்லயே இருக்கணும், அதுல யாரும் கை வைக்கக் கூடாது. எல்லாத்தையும் பத்திரமா எழுதிப் பதிவு பண்ணணும்."

அன்னைக்கே ஒத்துக்கலை. மூணு தடவை போயிட்டு வந்தேன். அம்மா ஒரு தடவை அழுது, ஒரு தடவை என்னைத் திட்டி, கடைசியில "எனக்கும் பட்டா வருமாடா?"ன்னு அண்ணனைக் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் அவர் இறங்கி வந்தாரு. பங்குனியில பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாச்சு. வரி வரியாப் படிச்சு, சர்வே நம்பர், நாலு எல்லை எல்லாம் பார்த்துத்தான் கையெழுத்து போட்டேன். அம்மா கைநாட்டுதான் வச்சாங்க. ஆனா வைக்கிறதுக்கு முன்னாடி அண்ணனே அவங்களுக்கு முழுசும் படிச்சுக் காட்டினாரு.

முழுப் பங்கையும் வாங்காம ஒரு ஏக்கரை ஏன் விட்டன்னு குழுவுல சில பேர் கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம்தான். ஆனா எங்க அத்தை தனக்கு என்ன இருக்குன்னே தெரியாம விட்டாங்க. நான் எவ்வளவுன்னு சென்ட் கணக்குல தெரிஞ்சு, ஏன்னு யோசிச்சு, என் வாயால சொல்லி விட்டேன். வேற ஒருத்தருக்கு முழுப் பங்கும் வாங்கறதுதான் சரியா இருக்கும். முடிவு யாருடையதுங்கறதுதான் முக்கியம்.

2022-ல எங்க பொண்ணு வயசுக்கு வந்தா. எங்க அண்ணன் தாம்பாளத் தட்டோட முன்னாடி நடந்து வந்தாரு. அண்ணி வந்தாங்க, சடங்கு முடிஞ்சதும் சாப்பிடாம கிளம்பிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அவங்க என்கூடச் சரியாப் பேசறது இல்லை. எல்லாம் சரியாயிடுச்சுன்னு பொய் எழுத எனக்கு மனசு இல்லை. என் 60 சென்ட்டை அண்ணனே குத்தகைக்கு உழறாரு, வருஷம் ரெண்டு மூட்டை ராகி வருது. புளி நான் உலுக்கி எடுத்துக்கறேன்.

ஒரு எச்சரிக்கை

இதைப் படிச்சுட்டு, எல்லாச் சண்டையும் பொறுமையாப் பேசினா தீர்ந்துடும்னு யாரும் நினைச்சுடாதீங்க. அடி உதை இருக்கிற வீட்டுல, உயிருக்குப் பயம் இருக்கிற இடத்துல, "நீ அளந்து பேசு"ன்னு அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்றது பாவம். அதுக்குத்தான் குடும்ப வன்முறையில இருந்து பெண்களைப் பாதுகாக்கிற 2005-ஆம் வருஷச் சட்டம் இருக்கு, 2006 அக்டோபர்ல இருந்து அமல்ல இருக்கு. 1992-ல இருந்து நம்ம மாநிலத்துல அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கு. 181-ன்னு பெண்கள் உதவி எண் இருக்கு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு நம்ம குழு கூடத் துணைக்கு நடக்கணும். குழாயடியில நாங்க ஒரு உறுப்பினரை இழந்த மாதிரி இன்னொருத்தரை இழக்கக் கூடாது. அவங்களை நாங்க 2015-ல வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்பக் கூட்டி வந்தோம். இன்னைக்கு எங்க குழுவோட கணக்கு நோட்டு அவங்ககிட்டதான் இருக்கு.

பாகப் பத்திரம் பதிவான அடுத்த கூட்டத்துல எங்க குழு ஒரு தீர்மானம் போட்டுச்சு. அதை அப்படியே எழுதி முடிக்கிறேன்.

பொருள்: சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து. விவாதம்: உறுப்பினர்கள் தங்கள் பிறந்த வீட்டு அனுபவங்களைப் பேசினர். தீர்மானம்: பத்திரத்தை முழுமையாகப் படிக்காமலும், படிக்கத் தெரியாதவர் படிக்கச் சொல்லிக் கேட்காமலும், எந்த உறுப்பினரும் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதில்லை. தேவைப்பட்டால் குழுவில் இருந்து இருவர் துணைக்குச் செல்வது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

இதுவரைக்கும் நாலு பேருக்குத் துணைக்குப் போயிருக்கோம். உங்க குழுவுலயும் இப்படி ஒரு தீர்மானம் போடணும்னு கேட்டுக்கறேன்.